முதலாளிக்குப் பின்சீட்டு இல்லாத கார்

அந்தக் காரை நான் ஆசைப்பட்டு வாங்கினேன் என்று போடியில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆசைப்பட்டெல்லாம் வாங்கவில்லை. நிதானமாக உட்கார்ந்து யோசித்து, காரண காரியம் பார்த்துத்தான் வாங்கினேன். ஆசைப்பட்டு வாங்கியிருந்தால் இத்தனை பாடு பட்டிருக்க மாட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். மதுரையில் இண்டர்மீடியட் முடித்துவிட்டு வந்து, போடியில் ஒரு ஏலக்காய் மண்டியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "ஏப்பா இண்டரு" என்பார். கொஞ்ச நாளில் மூட்டை தூக்குகிறவர்கள், எதிர்க்கடைக்காரர், டீ கொண்டுவருகிறவர் எல்லாருக்கும் நான் இண்டரு ஆகிவிட்டேன். இண்டர்மீடியட்டில் தேறியதற்கு எனக்குக் கிடைத்த பெரிய பரிசு அதுதான்.

என் வேலை மலையிலிருந்து மாதிரி கொண்டுவருவது. போடிமெட்டுப் பக்கத்துத் தோட்டங்களில் காயை உலர்த்துகிற கட்டடத்துக்கு ஸ்டோர் என்று பெயர். ஒவ்வொரு ஸ்டோரிலும் அன்றைக்கு உலர்ந்த காயில் இரண்டு கை அள்ளி, துணிப்பையில் கட்டி, மத்தியான ஏலம் தொடங்குமுன் போடியில் முதலாளியின் மேசைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வாங்குகிறவர்கள் அதை உள்ளங்கையில் உருட்டி, ஒன்றை உடைத்து முகர்ந்து பார்த்து விலை சொல்வார்கள். மாதிரி வராவிட்டால் மேலே எத்தனை மூட்டை இருந்தாலும் அன்றைக்கு அது வெறும் மூட்டைதான்.

கேட்பதற்குச் சுலபமான வேலை. ஆனால் மலையிலிருந்து இறங்கும் பஸ்சுக்கு ஏலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆள் நிறைந்தால் கிளம்பும். வளைவில் எதிரே லாரி வந்தால் நிற்கும். டிரைவருக்கு வேண்டியவர் யாராவது பலாப்பழத்தோடு ஓடிவந்தால் காத்திருக்கும். பாதி நாள் நான் வந்து சேரும்போது ஏலம் முடிந்து துண்டை உதறிக்கொண்டு எல்லாரும் எழுந்துகொண்டிருப்பார்கள்.

"ஏப்பா இண்டரு, நீ காயைக் கொண்டு வர்றியா, காய் உன்னயக் கொண்டு வருதா?" என்று முதலாளி ஒருநாள் எல்லார் முன்னிலையிலும் கேட்டார்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவருடைய மனைவியின் தம்பி பட்டாளத்தில் கழித்துவிட்ட ஜீப்பு ஒன்றை வாங்கியிருந்தார். அந்த மச்சினருக்கு என் வேலை மேல் கண். "அத்தான், மலையை எங்கிட்ட விட்டுருங்க. மாதிரியும் நானே எறக்குறேன், லோடும் நானே எறக்குறேன்" என்று தினமும் மண்டிக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார். அந்த வேலை போனால் எனக்கு அடுத்த வேலை அய்யாவின் பருத்திக் காட்டில்தான். காட்டு வேலை ஒன்றும் கேவலம் இல்லை. ஆனால் என்னைப் படிக்கவைக்க அய்யா பட்ட பாடு ஊருக்கே தெரியும். மறுபடி நான் மண்வெட்டியோடு நின்றால், எங்கள் தெருவில் அடுத்த பத்து வருடத்துக்கு ஒரு பிள்ளையும் பள்ளிக்கூடம் போகாது. என் ஒருவனைக் காட்டியே அத்தனை பேரையும் நிறுத்திவிடுவார்கள்.

அந்தச் சமயத்தில் போடிமெட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பினார். பங்களாப் புல்தரையில் சாமான்களைப் பரப்பி விற்றார்கள். மாதிரி எடுக்கப் போன நான் எட்டிப் பார்த்தேன். துரையின் நாய்க்கு மூன்று பேர் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். காரைக் கேட்க ஒருவரும் இல்லை.

பச்சை நிறம், முன்பக்கமெல்லாம் சேறு. தரையோடு படுத்துக்கிடக்கிற உயரம். நீண்ட மூக்கு. இரண்டே சீட்டு. கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்துவிட ஒரு கான்வாஸ் துணி மட்டும் பின்னால் மடித்துக்கிடந்தது. பந்தயத்துக்கு ஓட்டுகிற ஜாதி என்று துரையின் சமையல்காரர் சொன்னார். மூட்டை ஏறாது, குடும்பம் ஏறாது, கல்யாணத்துக்கு உதவாது. அதனால் ஒரு ஜோடி நல்ல காளையின் விலைக்கும் கீழே இறங்கியிருந்தது.

நான் யோசித்தேன். எனக்கு மூட்டை ஏற வேண்டியதில்லை. துணிப்பைகள் ஏறினால் போதும். குடும்பமும் ஏற வேண்டியதில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்சு முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய்த் திரும்புகிற இடத்தில் இது ஒரே திருப்பில் திரும்பிவிடும். இதைவிட எனக்கு ஏற்ற வண்டி உலகத்திலேயே கிடையாது என்ற முடிவுக்கு வந்தேன். மதுரையில் படிக்கும்போது லீவு நாட்களில் ஒரு லாரி டிரைவரோடு சுற்றி ஓட்டக் கற்றிருந்தேன். லைசென்ஸும் இருந்தது. எஞ்சின் விஷயத்தில், நீராவி எஞ்சினைப் பற்றிய பாடத்தை எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பேன். அது போதும் என்று நினைத்தேன்.

சேறு படிந்த காரோடு எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது அய்யா வாசலில் நின்றிருந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். காளையின் பல்லைப் பார்க்கிறவர். இதற்கு எங்கே பல் என்று தெரியாமல் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான்யா."

"மிச்சம் எப்ப வரும்?"

பக்கத்து வீட்டு அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். "ரெண்டு பேருக்குத்தான் எடமா? உங்க வீட்டுல குலசாமி கும்பிடப் போனா முன்னால ரெண்டு பேரு போயி, பொங்கலு வச்சு, அடுத்த ரெண்டு பேருக்குச் சொல்லி விடணுமாக்கும்!"

என் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நாங்கள் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். ஆத்தாவின் கண் காரின் முன்பக்கத்தில் நிலைத்துவிட்டது. இரண்டு பக்கமும் இரண்டு பெரிய விளக்கு, நடுவில் மேலும் கீழுமாக நீண்ட ஒரு தட்டி. ஆத்தாவுக்கு அது முகம். கண் இருக்கிறது, முகம் இருக்கிறது, ஆனால் துரை வீட்டில் இத்தனை நாள் ஒரு பொட்டுக்கூட வைக்காமல் மூளியாக வைத்திருந்திருக்கிறார்கள்.

மறுநாள் விடியுமுன் காரைக் குளிப்பாட்டிவிட்டாள். கூரை இல்லாத வண்டி என்பதால் உள்ளேயும் சேர்த்தே குடம் குடமாக ஊற்றியிருந்தாள். நான் எழுந்து வந்தபோது சீட்டுகள் குளம்போல் நின்றன. முன்பக்கத்துத் தட்டி முழுவதும் சந்தனமும் மஞ்சளும் அப்பியிருந்தது. வெறும் சந்தனம் காய்ந்தால் உதிர்ந்துவிடும் என்று அரிசிமாவும் சேர்த்துக் குழைத்திருந்தாள். அதன்மேல் குங்குமம், அதன்மேல் ஒரு கனத்த செவ்வந்தி மாலை.

"இப்பப் பாரு, எம்புட்டு லச்சணமா இருக்கு" என்றாள்.

லட்சணமாகத்தான் இருந்தது. எனக்கும் அழகாகவே பட்டது. ஈரச் சீட்டில் சாக்கை விரித்து உட்கார்ந்து, முதல் நாள் வேலைக்குக் கிளம்பினேன்.

அடிவாரத்து முந்தல் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் கமகமவென்று சந்தன வாசம் வந்தது. முன்னாலிருந்து காற்றோடு வந்து முகத்தில் அடித்தது. கோயிலுக்குள் கார் ஓட்டுவதுபோல் இருந்தது. போகப் போக சந்தனத்தோடு அடை வேகிற வாசனையும் சேர்ந்துகொண்டது. வழியில் ஏதோ வீட்டில் பலகாரம் சுடுகிறார்கள் என்று நினைத்தேன். அந்த ஏற்றத்துச் சாலையோரம் வீடே கிடையாது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

பாதி மலையில், ஓடை ஒன்று பாறையிலிருந்து சாலையோரம் விழுகிற வளைவில், காரின் முன்பக்கத்திலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. நிறுத்தினேன். நீராவிப் பாடம் படித்தவன் என்பதால் அது நீராவிதான் என்பதை உடனே கண்டுகொண்டேன். அதற்குமேல் எதுவும் தெரியவில்லை. ஆற விட்டு, ஓடைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு மேலே போனேன்.

மறுநாளும் அதே வளைவு, அதே புஸ். அதற்கு மறுநாளும் அப்படியே. வண்டிக்குள் சூட்டைக் காட்டுகிற முள் ஒன்று இருந்தது. ஏற்றத்தில் அது கடைசிக் கோட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும். முள் பழுது என்று முடிவு செய்து அதைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

பஸ் டிரைவர் ஒருவர் என் பக்கத்தில் நிறுத்தி எட்டிப் பார்த்தார். "தம்பி, இது முனி இருக்கிற வளைவு. புது வண்டின்னா மறிக்கும். ஒரு தேங்காயை ஒடச்சுட்டுப் போ."

"புது வண்டி இல்லண்ணே, பழசுதான்."

"அது உனக்குத் தெரியும். முனிக்குத் தெரியுமா?"

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் டிரைவர் அண்ணன் சாயங்காலமே போடியில் இறங்கி ஆத்தாவிடம் சொல்லிவிட்டார். ஆத்தாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கண்ணேறு ஒரு பக்கம், முனி ஒரு பக்கம். அடுத்த நாள் சந்தனம் ஒரு விரல் கனம் ஏறியது. கார் இன்னும் இரண்டு வளைவு முன்னாலேயே கொதித்தது. ஆத்தா சந்தனத்தை இரண்டு விரல் கனமாக்கினாள். "எவ்வளவு பண்ணியும் அடங்க மாட்டேங்குதே, வலுத்த முனிதான்" என்று மூக்கில் விரலை வைத்தாள்.

இறக்கத்தில் கார் ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. மாதிரிகள் பெரும்பாலும் நேரத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் மலைச் சாலையில் ஒருவன் தினமும் காரை நிறுத்தி மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பதும், கார் போன வழியெல்லாம் சந்தனம் மணப்பதும் பேச்சாகாமல் இருக்குமா? மச்சினர் அதை மண்டியில் நடித்தே காட்டினார். வாயால் புஸ்ஸென்று ஆவி விட்டு, நான் விசிறுவதுபோல் துண்டால் விசிறி, மூட்டை தூக்குகிறவர்களைச் சிரிக்கவைத்தார்.

"அத்தான், ஒருநாள் அது மலையிலயே குந்திக்கிடப்போகுது. அன்னைக்கு ஒங்க காய் வெல போகாது. அப்பப் புரியும்."

முதலாளி வெற்றிலையை மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். "வெள்ளிக்கெழமை ரெண்டு பேரும் போங்க. ஆளுக்கு நாலு ஸ்டோருல மாதிரி எடுத்துட்டு வாங்க. எவன் காயி ஏலத்துக்கு முன்னால என் மேசைக்கு வருதோ, அவன் மலையைப் பாத்துக்கட்டும். இண்டரு, நான் உன் வண்டியிலயே வர்றேன். என்னதான் பண்ணுதுன்னு கண்ணால பாக்கணும்."

மச்சினருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஆத்தா மட்டும் வேலையைத் தொடங்கிவிட்டாள். முதலாளியே ஏறுகிற வண்டி, அதுவும் வெள்ளிக்கிழமை. அன்று அவள் குழைத்த சந்தனத்தில் எங்கள் வீட்டுச் சுவர் ஒன்றையே பூசியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை மண்டி வாசலில் காரை நிறுத்தினேன். முதலாளி கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி சட்டையோடு வெளியே வந்தார். காரை முன்னும் பின்னும் பார்த்தார்.

"பின்சீட்டு எங்கப்பு?"

"இல்லைங்க முதலாளி."

"இல்லேன்னா? கழட்டி வச்சிருக்கியா?"

"செய்யவே இல்லைங்க."

"இதச் செஞ்சவன் என்ன, முதலாளியே இல்லாத ஊருக்காரனா?"

இதில் ஒரு சங்கடம் இருந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருகிறவன் கிளீனர் என்பது முதலாளியின் கொள்கை. வாடகைக் காரானாலும் பின்சீட்டில் நடு மத்தியில் உட்கார்ந்துதான் அவருக்குப் பழக்கம். இங்கே அவருக்கு இருந்த ஒரே இடம் என் தோளோடு தோள் உரசுகிற இடம். சம்பளம் கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே பலகையில் உட்கார்ந்து பஜார் வழியாகப் போவதா? ஜீப்பில் சாய்ந்து நின்றிருந்த மச்சினர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

முதலாளியின் கண் சீட்டுகளுக்குப் பின்னால் மடித்துக்கிடந்த கான்வாஸ் துணியில் விழுந்தது. "இது என்ன மேடை?"

"மழைக்குப் போடுற கூரைங்க. மடிச்சு வச்சிருக்கு."

"தாங்குமா?"

தாங்குமா என்பது எனக்குத் தெரியாது. "தாங்கும்ங்க" என்றேன்.

மூட்டை தூக்குகிறவர்கள் இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை மேலே ஏற்றினார்கள். மடித்த கூரையின்மேல் அமர்ந்து, செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, காலைப் பக்கத்துச் சீட்டில் ஊன்றிக்கொண்டார். முன்னால் மாலை, சந்தனம், குங்குமம். மேலே வெள்ளை வேட்டியில் முதலாளி. நான் மெதுவாகக் கிளட்சை விட்டேன். பஜாரில் பால்கடைக்காரர் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். பூக்காரப் பாட்டி ஒருவர் யாரென்று பாராமலே கன்னத்தில் போட்டுக்கொண்டார். முதலாளி முதலில் கூச்சத்தோடு தலையசைத்தார். பஜார் முடிகிற இடத்தில் வலது கை உயர்ந்து ஆசீர்வாதம் மாதிரி ஒன்று வந்துவிட்டது.

ஏற்றம் தொடங்கியதும் வாசனை கிளம்பியது. "அடடா, வண்டியில ஊதுபத்தி வச்சிருக்கியா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது. பாதி மலைகூட ஏறவில்லை, புஸ். ஆவி நேராகப் பின்னால் போய் முதலாளியைச் சுற்றிக்கொண்டது. உள்ளேயிருந்து "நிறுத்துறா!" என்று சத்தம் மட்டும் வந்தது.

ஓடை வளைவுவரை எப்படியோ ஓட்டிப்போய் நிறுத்தினேன். தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மச்சினரின் ஜீப்பு பின்னாலேயே வந்தது. "அத்தான், ஏறிக்கிறீங்களா? முன்சீட்டு காலியாத்தான் இருக்கு!"

"நீ போ மாப்ளே, சோலியைப் பாரு" என்றார் முதலாளி, முகத்தைத் துடைத்துக்கொண்டு. ஜீப்பு போய்விட்டது. என் வேலையும் அதில் ஏறிப் போகிறது என்றே எனக்குத் தோன்றியது.

முதலாளி இறங்கி வந்து காரின் முன்னால் நின்றார். மாலை வாடித் தொங்கியது. சந்தனம் காய்ந்து, வெந்து, வயல் வெடிப்பதுபோல் வெடித்திருந்தது.

"என்னப்பு இது, மூஞ்சியில பொருக்குத் தட்டிக்கெடக்கு?"

"ஆத்தா வச்ச சந்தனங்க."

"பழைய சந்தனத்து மேலயே புதுசச் சாத்துனா எந்தச் சாமி பொறுக்கும்? அபிஷேகம் பண்ணி எடுத்துட்டுல்ல மறுபடி சாத்தணும்! அதான் முனி மறிக்குது. கழுவு."

வண்டியில் வைத்திருந்த குடத்தில் தண்ணீர் மொண்டு வந்தேன். ஆறும் வரை கொஞ்சம் காத்திருந்துவிட்டு ஊற்றி, முனிக்கு உடைத்துக் கிடந்த தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டினேன். கல்லிலிருந்து அடை பெயர்வதுபோல் துண்டு துண்டாக வந்தது. அடியில் தெரிந்ததைப் பார்த்து நான் அப்படியே குந்திவிட்டேன். தட்டி என்று நான் நினைத்திருந்தது தட்டியே இல்லை. வரிசையாக இடுக்குகள், இடுக்குகளுக்குப் பின்னால் தேன்கூடு மாதிரி நுண்ணிய கண்கள். வாயை வைத்து ஊதினேன். காற்று தாராளமாக உள்ளே போயிற்று. வாங்கிய அன்று சேறு, மறுநாளிலிருந்து சந்தனம். அந்த முகத்தை நான் வெறுமையாகப் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. காற்று நுழைகிற வழியை எல்லாம் மாவு குழைத்து அடைத்துவிட்டு, முனியைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

நிமிர்ந்தால், முதலாளி மடியிலிருந்து கோயில் சந்தன உருண்டையை எடுத்து ஓடைத் தண்ணீரில் குழைத்துக்கொண்டு வருகிறார். உள்ளங்கை நிறைய.

"வேண்டாங்க முதலாளி."

"என்ன வேண்டாம்?"

"சந்தனம்ங்க."

அவர் முகம் மாறியது. சாமி காரியத்தில் வேண்டாம் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை; அதுவும் வேலை ஆடிக்கொண்டிருக்கிற ஒருவன். நான் வேகவேகமாக விளக்கினேன். வெப்பம், காற்றோட்டம், குளிர்தல், நீராவியின் அழுத்தம் என்று பரீட்சையில் எழுதுவதுபோல் எல்லாம் சொன்னேன்.

"எனக்குக் காலேசுப் பாடம் நடத்துறியா?" என்று இன்னும் ஓரடி முன்னே வந்தார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. காரின் முன்னால் கையை விரித்து மறித்துக்கொண்டு கேட்டேன். "முதலாளி, நாம சந்தனம் எங்க வக்கிறோம்?"

"நெத்தியில."

"மூக்கு ஓட்டைக்குள்ள வப்பமாங்க?"

"எவனாச்சும் வப்பானா?"

"இது வண்டிக்கு மூக்குங்க. நெத்தி மேல இருக்கு. மூக்கை அடச்சதாலதான் ஏத்தத்துல மூச்சு முட்டுது."

அவர் குனிந்து இடுக்குகளைப் பார்த்தார். ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். "அடப்பாவி! உங்க ஆத்தா இம்புட்டு நாளா அதுக்கு மூக்கையா அடச்சா? அது புஸ்ஸுன்னு சீறாம என்னடா பண்ணும்?"

மூக்குக்கு மேலே, மூடியின் நடுவில், அளவாக ஒரு பொட்டு வைத்தார். அவரை மறுபடி மேலே ஏற்ற ஆள் இல்லாமல் இருவரும் கொஞ்சம் திண்டாடினோம். அதன்பிறகு கார் ஓடிய ஓட்டத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. அடுத்தடுத்த வளைவுகளை ஒரே திருப்பில் விழுங்கிக்கொண்டு ஏறியது. கடைசிக் கோட்டில் படுத்திருந்த முள் எழுந்து நடுவில் நின்றது. பழுது என்று நான் சொன்னதற்கு அது ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

மேலே கடைசி ஸ்டோரில் காவலாள், முதலாளி உட்கார்ந்திருக்கிற கோலத்தைப் பார்த்து, "எந்தா இது, எழுந்நள்ளிப்பா?" என்று மலையாளத்தில் வாயைப் பிளந்தார். சாமி ஊர்வலமா என்று கேட்கிறார். முதலாளிக்கு அது புரிந்தது. மறுத்துப் பேசவில்லை.

நாலு ஸ்டோர்க் காயையும் பையில் கட்டிப் பக்கத்துச் சீட்டில் அடுக்கிக்கொண்டு இறங்கினோம். மச்சினர் எங்களுக்கு வெகு முன்னாலேயே இறங்கிவிட்டதாகச் சொன்னார்கள். ஆனால் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவில் மரம் ஏற்றிய லாரி சாலைக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. அதன் பின்னால் ஜீப்பு. ஜீப்பில் ஆட்களும் காய் மூட்டைகளும். மச்சினர் லாரி டிரைவரின் பரம்பரையை விசாரித்துக்கொண்டிருந்தார்.

லாரிக்கும் மலைக்கும் நடுவில் சிறிய சந்து இருந்தது. ஜீப்பு போகாது. என் கார் போகும். ஆனால் வழியில் முட்டுக்கு வைத்த கற்களும் சகதியும். காரை விட்டால் அடி தட்டிவிடும்.

முதலாளி மேலேயிருந்தே ஆட்களைப் பார்த்தார். "ஏ, இங்க வாங்கப்பா. இதத் தூக்கி அந்தப் பக்கம் வைங்க."

"நீங்க எறங்கிக்கிறீங்களா முதலாளி?" என்றார் ஒருவர்.

முதலாளி சகதியைப் பார்த்தார். தன் வேட்டியைப் பார்த்தார். "நான் எதுக்கு எறங்கணும்?"

மச்சினரின் ஜீப்பில் வந்த ஆட்கள்தான் என் காரைத் தூக்கினார்கள். நான் இறங்கிப் பின்னால் தோள் கொடுத்தேன். முதலாளி முன் கண்ணாடியைக் குனிந்து பிடித்துக்கொண்டார். கார் அசைந்து அசைந்து லாரியைக் கடந்தது. யாரோ ஒருவர் தன்னை மறந்து "அரோகரா" என்றார். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். மச்சினரின் வாய்கூட அசைந்ததை நான் பார்த்தேன்.

கார் தரையில் இறங்கியதும் முதலாளி திரும்பினார். "மாப்ளே, உன் மாதிரிப் பையையும் கொண்டா. இதுலயே போட்டுடறேன். எல்லாம் நம்ம காய்தான்."

யாருக்கும் யாருக்கும் போட்டி என்பதை அவர் சுத்தமாக மறந்திருந்தார். மச்சினர் ஒரு கணம்கூடத் தயங்காமல் தன் பைகளையும் என் பக்கத்துச் சீட்டில் அடுக்கினார். என் வேலையைப் பறிக்கப்போகிற காயையும் நானே சுமந்துகொண்டு மலையிறங்கினேன்.

ஏலம் தொடங்குமுன் எட்டு ஸ்டோர் மாதிரிகளும் மேசையில் இருந்தன. காய் நல்ல விலை போயிற்று. எல்லாம் முடிந்து, துண்டுகளை உதறும் நேரத்தில் மச்சினர் வந்து சேர்ந்தார். வேட்டியெல்லாம் சேறு.

"அத்தான், என் காயும் ஏலத்துக்கு முன்னால வந்துருச்சுல்ல. மேல போகையில நான்தான் முன்னால போனேன். நடுவழியில குந்துனது என் வண்டி இல்ல."

அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. முதலாளி வெற்றிலையை மடித்துக்கொண்டே யோசித்தார். அய்யாவின் பருத்திக் காடு என் கண் முன்னால் வந்து நின்றது.

"மாப்ளே, உன் ஜீப்புலயும் மேல துணிக் கூரதான?"

"ஆமா அத்தான். மழைக்கு நல்லது."

"அதுக்கு மேல ஒரு ஆளு உக்காந்தா தாங்குமா?"

மச்சினருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எதுக்கு அத்தான் மேல உக்காரணும்? முன்னால எம் பக்கத்துல சௌரியமா உக்காருங்களேன்."

முதலாளி வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். "லோடை நீ பாத்துக்க மாப்ளே. மாதிரிய இண்டரு பாக்கட்டும்."

சாயங்காலம் ஆத்தாவிடம் மூக்கு விஷயத்தைச் சொன்னேன். "தப்பு தப்பு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, வாசலுக்குப் போய்க் காரிடம் ஏதோ தணிந்த குரலில் பேசிவிட்டு வந்தாள். அய்யா வாசலுக்கு வந்தார். பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிட்டு, மலை வேலை மகனுக்கே ஆகிவிட்டதாகத் தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் மண்டி வாசலில் காரை நிறுத்தினேன். பைகளை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பலாம் என்றுதான் வந்திருந்தேன். முதலாளி எனக்கு முன்பே வாசலில் நின்றிருந்தார். கஞ்சி போட்ட புது வேட்டி. பின்னால் மூட்டை தூக்குகிறவர் ஒருவர் கையில் வெல்வெட்டு உறை போட்ட திண்டு ஒன்று.

"இன்னைக்கும் வர்றீங்களா முதலாளி?"

"ஏன், வரக்கூடாதா?" திண்டை மடித்த கூரையின்மேல் போடச் சொல்லி, ஏறி, வசதியாக அமர்ந்துகொண்டார். நான் செருப்பை வாங்கி வைத்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினேன்.

"வெரசா போகணும்ங்களா?"

"மலையில வெரசா போ" என்றார் மேலேயிருந்து. "பஜாருல மெதுவாப் போ."